டொக்டர் உன்னிடம்தான் கேட்டார்

என் செல்லத் தங்கச்சி ஜெசிக்கு,

நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. உன் மனுசன் அன்ரன் இன்னும் கப்பல்துறையில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார். உன் பூக்கன்றுகளுக்கு அளவு தெரியாமல் தண்ணீர் ஊற்றி இரண்டை அழுகவைத்துவிட்டார். என்னோடு இப்போது கதைப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் உன்னிடம் சொல்லவேண்டியதை ஊருக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் உன்னிடம் வருகிறேன்.

கொழும்பில் அந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்கு இருபத்துநாலு வயது. கழுத்துக் கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியாகியிருந்தது. டொக்டருக்குத் தமிழ் வராது, உனக்குச் சிங்களம் வராது. அம்மாவும் அதற்கு முதலே காலமாகியிருந்தா. துறைமுகத்தில் வேலை செய்து நான் பழகிய சிங்களம்தான் நமக்குத் துணை. "அண்ணா கனவும் சிங்களத்திலதான் காணுறவர்" என்று நக்கலடிப்பாயே, அந்தச் சிங்களம்.

டொக்டர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். மருந்து ஏற்றினால் சினைமுட்டைகள் கெட்டுப்போகலாம், பிறகு பிள்ளை கிடைப்பது கஷ்டமாகலாம். தொடங்குவதற்கு முதல் முட்டைகளை எடுத்து உறையவைக்க வழி இருக்கிறது, உன் நோய்க்கு இரண்டு கிழமை பிந்துவது பரவாயில்லை, விருப்பமா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். எனக்குக் காது சுட்டது. கல்யாணம் முடிக்காத தங்கச்சியிடம் அண்ணன்காரன் இதை எந்த வாயால் சொல்வது? பிந்தினால் உன்னை இழந்துவிடுவேன் என்ற பயம் வேறு. "வேண்டாம் டொக்டர், அவள் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை" என்று சிங்களத்தில் நானே சொல்லிவிட்டேன்.

"என்னவாம் அண்ணா?" என்று கேட்டாய்.

"தலைமயிர் கொட்டுமாம்."

"அது முளைக்குந்தானே" என்று டொக்டரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாய். அது உன் சம்மதம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மயிர் முளைத்தது. நோயும் விட்டுப்போனது. அன்ரனைக் கட்டினாய். பிள்ளைக்காக நாலு வருடம் காத்திருந்து, பிறகு ஒரு பெண் டொக்டரிடம் போனாய். "மருந்து ஏத்த முந்தி ஒருத்தரும் உங்களிட்ட முட்டை எடுத்து வைக்கிறதைப் பற்றிக் கேக்கேல்லையோ?" என்று அவ கேட்டாவாம். வீட்டுக்கு வந்து, "அந்தக் கொழும்பு டொக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா" என்று குசினியில் நின்று அழுதாய். நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். கோழைதான் நான், வேறென்ன?

நோய் திரும்பி வந்து, பங்குச் சுவாமியார் வந்து எண்ணெய் பூசி உனக்கு நோயில்பூசுதல் கொடுத்த அன்று என்ன சொன்னாய்? "எனக்கு ஒருத்தரிலயும் கோவமில்லை அண்ணா. அந்த டொக்டரையும் மன்னிச்சிட்டன்." நான் ஓம், ஓம் என்றேன். ஜெசி, ஒரு பிழையும் செய்யாத மனுசனை நீ மன்னித்தாய். பிழை செய்தவன் உன் கட்டிலடியில் கதிரையில் இருந்தான்.

போன மாதம் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் புற்றுநோய் பற்றிய கூட்டம் வைத்தார்கள். கிளினிக்கில் தாதியாக இருக்கும் மிஸ்ஸி, சிகிச்சைக்கு முன்னால் பிள்ளைப்பேற்றைக் காப்பது பற்றிக் கேட்டு அறியவேண்டும், மணமாகாதவர்களும் கேட்கலாம், ஆண்பிள்ளைகளுக்கும் வழி உண்டு, எல்லோருக்கும் சரிவரும் என்றில்லை என்று விளங்கப்படுத்தினா. "எங்களிட்ட ஒருத்தரும் சொல்லுறேல்ல" என்று பின்னால் ஒரு குரல். நான் எழும்பிவிட்டேன். "சில நேரம் சொல்லுறவை. நாங்கள்தான் மறைக்கிறனாங்கள்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் வரிசையில் இருந்த அன்ரன் எழும்பிப் போனார். அவரைக் கோபிக்க எனக்கு என்ன உரிமை?

அதற்குப் பிறகு மிஸ்ஸி என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறா. நேற்றுக் கட்டைபறிச்சானிலிருந்து ஒரு பிள்ளை, இருபது வயது, தாயோடு வந்திருந்தாள். புதிதாக வந்த சிங்கள டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். கொஞ்சம் சிங்களம் விளங்கிய தாய் என் கையைப் பிடித்தா. "தம்பி, அதைச் சொல்லாதேங்கோ. கல்யாணம் முடிக்காத குமர்ப்பிள்ளை."

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் வேண்டாமெண்டு சொன்னாலும் பரவாயில்லையோ?"

"ஓம் பிள்ளை. ஆனா அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். என்ன சொல்வாளோ தெரியாது. ஜெசி, அப்படி ஒரு நாளையாவது உனக்கு நான் தந்திருக்கலாம்.

இனி என் வாய் வழியாகப் போகும் எந்தக் கேள்வியும் உரியவரிடம் முழுதாகப் போய்ச் சேரும். இது சத்தியம். என்னை மன்னிப்பதா இல்லையா என்பதையாவது நீயே சொல். அதற்கும் உனக்காக நான் பதில் சொல்லமாட்டேன்.

உன் வாயால் வரவேண்டிய பதிலைத் தானே சொல்லிவிட்ட,
உன் அண்ணன்