புள்ளி முன்னால் நிற்கும் ஊர்

ஜனவரி 14

காலையிலிருந்து பனி. பல்கனிக்கு அப்பால் ஸ்காபரோ நகரமே இல்லை, வெள்ளை மட்டும். மாக்கஸ் தன் அம்மா கரோலினுடன் போனில் அவர்களின் பூர்வகுடி மொழியான கிறீயில் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் என் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

கரோலின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் இருக்கிறார். எனக்கும் மாக்கஸுக்கும் நிச்சயம் செய்த நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. ‘என் மகனை அந்த நகரம் எடுத்தது போதாதா?’ என்று அவனிடம் கேட்டாராம். கலியாணத்துக்கு வருவாரா? தெரியாது.

என் அம்மா சொல்கிறா: “பெத்த தாய் வராமல் என்ன கலியாணம், மயூரி?”

ஜனவரி 27

கரோலின் இருபது வருடத்துக்கு முன் சிறுவர் கதைகள் தட்டச்சு செய்து வைத்திருந்தார், கிறீ எழுத்தில். ஊர்ப் பள்ளிக்கூடம் இப்போது அச்சிடக் கேட்கிறது. மாக்கஸுக்கு அவர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரும்ப அடிக்க அவருக்குக் கை நடுக்கம். மாக்கஸுக்கோ பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

தேத்தண்ணியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தா. “உது எங்கட பாமினி மாதிரியெல்லோ கிடக்கு!”

ஓம். கோயில் விழா மலருக்கு நாங்கள் அடித்த பழைய கோப்புகளும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் உளறும். எழுத்து அழியவில்லை. ஒவ்வொரு விசைக்கும் உரிய யுனிகோட் எண்ணைக் கண்டுபிடித்தால் போதும்.

பெப்ரவரி 6

ஒரே கிறீ எழுத்து, திசை மட்டும் மாறும். அதன் கூர் மேலே பார்த்தால் ‘பி’, கீழே பார்த்தால் ‘பே’, வலப்பக்கம் ‘போ’, இடப்பக்கம் ‘ப’. இன்று பஸ் கண்ணாடியில் பனித்துகள்கள் திரும்பித் திரும்பி விழுந்தன. எல்லாவற்றையும் உச்சரித்துக்கொண்டே வந்தேன். இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

பெப்ரவரி 18

கதைகளுக்காகச் செய்கிறேனா, அவர் என்னோடு பேசுவதற்காகவா?

மார்ச் 2

முதல் கதையை அனுப்பினோம். கரோலின் அச்சடித்துப் பார்த்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். மாக்கஸ் போனில் கேட்டுச் சொன்னான்: ‘வ’ ஒலிக்கு ஒரு புள்ளி வைப்பார்களாம். மேற்கே இருப்பவர்கள் எழுத்துக்குப் பின்னால் வைப்பார்கள். ‘எங்கள் புள்ளி முன்னால் நிற்கும். இது யாருடைய கதை?’ என்று கேட்டாராம்.

ஐயோ. என்ன வேலை பாத்து வச்சிருக்கிறன் — ஆரோ ஒருத்தரின்ர வாயை அவவுக்கு ஒட்டி விட்டிருக்கிறன்.

மார்ச் 3

முன்புள்ளிக்கு ஓர் எண், பின்புள்ளிக்கு வேறோர் எண். இரண்டும் யுனிகோட் அட்டவணையிலேயே அருகருகே இருக்கின்றன. இரு ஊரையும் விட்டுக்கொடுக்காமல் யாரோ இருந்து யோசித்திருக்கிறார்கள். நான்தான் பார்க்கவில்லை. எல்லாக் கதையையும் முதலிலிருந்து மாற்றினேன். வெளியே கூரைப் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 20

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்று பள்ளிக்கூடம் எழுதியது. கரோலினிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 11

காலையில் என் போனுக்கு ஒரு செய்தி. மாக்கஸுக்கு அல்ல, எனக்கு. முழுதும் கிறீ எழுத்து.

நான் எழுத்துக் கூட்டி ஒலித்தேன், அவன் பொருள் சொன்னான். என் பெயரில் தடுக்கினோம். அவர்களிடம் ‘ர’ ஒலி இல்லை, ‘மயூலி’ என்று இருந்தது.

‘ஆற்றில் ஐஸ் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் வாருங்கள். மயூலியின் கால் அளவு என்ன?’

மாக்கஸ் கடைசி வரியை இன்னொரு தடவை ஒலிக்கச் சொன்னான். பிறகு, “அம்மா உனக்குத் தோல் சப்பாத்து தைக்கப் போறா” என்றான். என்னிடம் பழகிய தமிழில்.

தரையில் தாளை விரித்தான். நான் ஏறி நின்றேன். காலைச் சுற்றி மெல்லப் பென்சிலால் கோடு இழுத்தான். கூசியது.