அப்பா கைக்குத் தோதான காப்பி மெஷின்

மட்டாஞ்சேரி

என் தங்கம் ரோஜாவுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தெய்வம் துணையிருக்கட்டும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரை எப்படிப் புகழ்வது, அப்புறம் மனுஷனைப் பிடிக்க முடியுமா? மீனாக்ஷி அக்காள் மகள் ஸ்நேஹா லீவு முடிந்து அங்கே வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மலையாளம் படிக்கிற வேகம் உனக்குத் தமிழில் வராது, எழுத்துக்கூட்டி நிதானமாகப் படி.

கல்யாணமான நாளிலிருந்து காலைக் காப்பி எனக்கு அவர் கையால்தான் என்பது உனக்குத் தெரியும். தெருவே சாயா குடிக்கும்போது நம் வீட்டில் மட்டும் டிகாக்‌ஷன் வாசனை வரும். பஜாரில் அரிசி மூட்டை இறக்கப் போகுமுன் ஃபில்டரில் இறக்கி, நுரை வர ஆற்றி, என் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகும் விடாமல் போட்டுப் பார்த்து, ஒருநாள் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டார். அதோடு அடுப்படிப் பக்கமே வருவதில்லை. நான் போட்டுக் கொடுத்தால் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்பார். அதுதான்டி எனக்குப் பயமாக இருந்தது. என் காப்பியில் குறை சொல்லாத உன் அப்பாவை நான் பார்த்ததே கிடையாது.

அப்போதுதான் நீ அந்த மெஷின் படத்தை அனுப்பினாய். ஒரு பட்டன் அமுக்கினால் எல்லாம் அதுவே செய்துவிடும், அப்பா சும்மா உட்கார்ந்தால் போதும் என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாம் அதுவே செஞ்சா எனக்கு அதுல என்ன வேலை என்று கேட்டார். மறுநாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போய்ப் பாப்போம் வா என்றார். தோப்பும்படிக்கு ஆட்டோவில் போனோம். நம்ம பொடியைப் போட்டுப் பாக்காம எப்படி வாங்குறது என்று பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார்! கடைக்காரர் பிஜு, ஓட்டலில் இருப்பதுபோல ஒரு பெரிய மெஷினைக் காட்டினார். இவர் பொடியை நீட்டி, நல்லா அமுக்கி வைங்க சேட்டா, ஃபில்டர்ல அப்படித்தான் என்றார். அமுக்கினார்கள். மெஷின் உறுமியது, உறுமிக்கொண்டே இருந்தது, ஒரு சொட்டு வரவில்லை. பிஜு பதறிப்போய்க் கழற்றியதும் அவர் வெள்ளைச் சட்டை முழுக்கக் காப்பிச் சக்கை. ஐயோ சேட்டா, இதில் சிக்கரி உண்டோ, அதுதான் அடைச்சுப் போச்சு என்று பிஜு கேட்க, சிக்கரி இல்லாம அது என்ன காப்பி என்று இவர் கேட்க, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உன் அப்பா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் அவர் தேர்ந்தெடுத்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையாலேயே சோதித்தார். மூடியைத் திறந்தார், பொடி போடுகிற கிண்ணத்தைக் கழற்றி மாட்டினார், ஜாடியில் தண்ணீர் நிரப்பச் சொல்லித் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி ஜாடி வழுக்குகிறது, வேண்டாம். பிஜு உதவிக்கு வந்தால், தொடாதீங்க என்று ஒரு அதட்டல். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன மெஷின், நாமே தண்ணீரும் பொடியும் போட்டால் எவர்சில்வர் ஜாடியில் டிகாக்‌ஷன் இறங்கும், வேறு ஒரு வித்தையும் அதற்குத் தெரியாது. இதுதான் என்றார். எனக்கு அவரை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்ததடி.

இன்று காலையில் பாலை மட்டும் என்னைக் காய்ச்சித் தரச் சொல்லிவிட்டு, போய்ப் படு, எந்திரிக்காதே என்று விரட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் அடுப்படியில் வைத்திருந்தேன். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து டம்ளரைத் தலைமாட்டில் வைத்தார். பார்த்தால் பாதி டம்ளர்தான் இருந்தது. என்ன இது என்று நான் கேட்பதற்குள் திரும்பிப் போய் இன்னொரு பாதி டம்ளர் கொண்டுவந்தார். நிறைய ஊற்றினால் நடக்கும்போது சிந்தும் என்று ரெண்டு நடை நடந்திருக்கிறார். நான் குடிக்கிறதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியாப் போச்சு, நாளைக்குப் பாரு என்றார். இத்தனை மாதமாக அந்த வாயிலிருந்து நாளைக்கு என்ற சொல் வரவில்லை ரோஜா. எனக்கு அழுகை வந்துவிட்டது, சூடு சுட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஸ்நேஹாவிடம் நம் பொடியும் கொடுத்திருக்கிறேன், நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் இருக்கிற பெரிய மெஷினில் போட்டுவிடாதே தாயி. நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்தால் நன்றாகத் தூங்கு, மகராசியாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் போனில் அப்பாவிடம் கை எப்படி இருக்கு என்று கேட்காதே, இன்றைக்கு டிகாக்‌ஷன் எப்படி என்று கேள்.

தினமும் ரெண்டு பாதி டம்ளர் குடிக்கப்போகும்
உன் அம்மா
பாக்கியலக்ஷ்மி