ஐந்தாவது மண்கூடு

ஐயா,

காலையில் என் சிலேட்டின் மரச்சட்டத்தில் ஒரு குளவி ஈரமண் உருண்டையைக் கொண்டுவந்து ஒட்டியது. அந்த மண்வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு இப்போது எழுதத் தெரியும் ஐயா! எழுபது வயதுக்கு மேல் மகளிடம் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை மென்று முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் சரியாக விழும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அந்த வருஷம் திருச்செங்கோட்டுப் பக்கம் பருத்திக்காடெல்லாம் புழு. எந்தக் குளவி எந்தப் புழுவைப் பிடிக்கிறது என்று ஆராய, கண்ணாடிக் குழாய்களோடு சைக்கிளில் வந்தீர்கள். ஊரே உங்களைப் பூச்சி ஐயா என்றது. ஆனால் யாரும் கூட்டைத் தொட விடவில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். உடைத்தால் என்ன ஆகும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எங்கள் வீட்டு உத்தரத்தில் ஐந்து கூடுகள் இருந்தன. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்திருந்த என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். தினமும் எழுந்ததும் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பாள்.

அவள் தண்ணீருக்குப் போன வேளையில், ஒரு கூட்டைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டீர்கள். என் காட்டிலும் பாதிப் பருத்தி போயிருந்தது. தலையாட்டிவிட்டேன். மெல்லிய கத்தியால் ஐந்தாவது கூட்டில் ஒரு சின்ன வாசல் வெட்டினீர்கள். உள்ளே எங்கள் காட்டுப் பச்சைப்புழுக்கள் அடுக்கிக் கிடந்தன. கோழி இறகால் தொட்டீர்கள். ஒன்று வாயை மட்டும் அசைத்தது.

"சாகலைங்களா?"

"சாகல. செத்தா அழுகிடும். குளவிக்குஞ்சு தின்னு முடிக்கிறவரைக்கும் உசிரோடதான் கிடக்கும்."

வாசலில் குடம் நழுவி உருண்ட சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நீங்களே ஒடைக்கச் சொன்னீங்களா?" என்று என்னைக் கேட்டாள். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "அவரைத் திட்டாதீங்கம்மா. நான்தான் கேக்காம கை வச்சுட்டேன்."

ஈரமண்ணால் அடைத்தீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அதுல குளவி வந்தா எம்புள்ளையும் வரும். வராட்டி, வராது."

மற்ற நான்கிலும் ஒவ்வொன்றாகத் துளை விழுந்து குளவிகள் பறந்தன. ஐந்தாவது மட்டும் மூடியே கிடந்தது. அவள் சோறு உண்பது குறைந்தது. ஒரு நாள், பிள்ளை அசையவில்லை என்றாள். மறுநாள் விடிந்ததும் கோணி ஊசியால் நானே துளை போட்டேன். "பாரு புள்ள, பறந்திருச்சு!"

அன்று மத்தியானம் நீங்கள் பூதக்கண்ணாடியோடு ஏறிப் பார்த்தீர்கள். குளவி கடித்துக்கொண்டு வந்தால் மண் வெளியே உதிரும். என் ஊசியோ மண்ணை உள்ளே தள்ளியிருந்தது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "ஆமாம்மா, பறந்துடுச்சு" என்றீர்கள் அவளிடம். மற்றக் கூடுகளுக்குச் செய்தது போலவே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனீர்கள்.

மகள் பிறந்தாள். பார்க்க நீங்கள் வரவில்லை. காவிரிக்கரை முகாமில் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று சேதிதான் வந்தது. அந்தக் கூட்டை உடைத்ததற்கு ஈடாக யாராவது ஒருவர் உயிர் போக வேண்டியிருந்ததோ?

சீட்டைப் பிய்த்துப் பெட்டியில் வைத்தேன். படித்துக்காட்டச் சொல்லி மகளிடம்கூடக் கொடுக்கவில்லை. பூச்சி விஷயத்தில் ஒரு பொய்யும் எழுதாத மனுஷர், எனக்காக எழுதிவிட்டாரோ என்று பயம். அதற்காகத்தான் ஐயா எழுத்துப் படித்தேன். போன வாரம் எழுத்துக்கூட்டி முடித்தேன்:

"ஐந்து. ஊசித்துளை. உள்ளே உயிர் இல்லை. ஆய்வில் சேர்க்க வேண்டாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்."

இப்போதுதான் என் மனைவி வந்து கேட்டாள்: "யாருக்குங்க எழுதறீங்க?"

"பூச்சி ஐயாவுக்கு."

"அஞ்சாவதும் பறந்துச்சுன்னு வாய் நெறையச் சொன்ன புண்ணியவானுங்க. நாங் கேட்டதாச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன் ஐயா. சீட்டு என் மடியில்தான் இருக்கிறது. குளவி தன் வேலையை முடித்துப் போகும்வரை சிலேட்டை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை காகிதத்தில் எழுதிப் பழகுகிறேன்.