குசினிச் சுவருக்குப் பின்னால்

கட்டாரில் இருக்கும் என் அன்புக்குரியவருக்கு,

இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். இந்த வீட்டுக்குள் சத்தமாகச் சொல்ல மனம் வரவில்லை.

வத்தேகமவில் நாம் வாங்கிய இந்த வீட்டின் குசினிச் சுவரில் ஓயாமல் ஈரம் கசிந்தது. சுவரைச் சரிசெய்ய மேசன் அழகமுத்துவைக் கூப்பிட்டேன். அவர் அளந்து பார்த்ததில், வெளியே இருந்த நீளம் உள்ளே இல்லை.

"பின்னால ஒரு அறைய அடச்சிக் கட்டியிருக்காங்க தங்கச்சி," என்றார்.

சிறு துளை போட்டதும் அப்போதுதான் வடித்த சோற்றின் வாசம் வந்தது. நான் அன்று குசினியில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டை விற்ற பாலாம்பிகையம்மாவைக் கம்பளையிலிருந்து வரச்சொன்னேன். உள்ளே வந்தவர், "பயப்படாதம்மா, இவங்க நல்லவங்க," என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பிறகுதான் கவனித்தேன், அவர் துளையருகே வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே யார் என்று கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஏறிவிட்டார்.

துளையை அடைப்பதா, சுவரை உடைப்பதா? நீங்களே முடிவு சொல்லுங்கள். எதைச் செய்வதானாலும், உள்ளே இருப்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் வரும்வரை இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி