துபாயில் பஸ் நின்ற இடம்

மச்சான்,

ஸலாம். உங்களைத் தோஹாவில் விட்டுவிட்டு வந்து துபாயில் இருக்கிறோம். கொழும்பு விமானம் இரவுக்குத்தான். அதுவரை ஊர் பார்க்கச் சொல்லிப் பயணிகளை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். சின்ன மகள் பஸ்னா ஒட்டகம் பார்த்தாள்.

மிருகக்காட்சிச்சாலை வாசலில், எதிரே வந்த லொறிக்கு வழிவிட, சீருடை போட்ட காவலாளி கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார். அவ்வளவுதான்.

ஊரில் கல்முனை பஸ்ஸை மறித்து ஆமி செக்கிங்குக்கு இறக்கும்போது நிற்பது போலவே, மகன் இறங்கித் தெருவோரம் நின்று பையைத் திறந்து காட்டினான். பேச்சே திருந்தாத பஸ்னா இரண்டு கையையும் தூக்கினாள். பஸ்ஸிலிருந்தவர்கள் விளையாட்டென்று சிரித்தார்கள். காவலாளி டொபி மிட்டாய் கொடுத்தார்.

இதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை, மச்சான்.

"கல்முனையா மகன் இது? என்னத்துக்கு இறங்கின?" என்று அதட்டினேன்.

"நீங்கதானே உம்மா முன்னுக்கு இறங்கின."

அப்போதுதான் பார்த்தேன். நானும் தெருவில்தான் நின்றேன். நீட்டிய கையில் என் அடையாள அட்டை இருந்தது.

எங்களைத் தோஹாவுக்கே எடுக்கும் குடும்ப விசாவை அடுத்த வருடம் பார்ப்போம் என்றீர்கள். நானும் ஓம் என்றேன். அந்த ஓமை இப்போது திருப்பி எடுக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளின் உம்மா