விரிசல் விடாத ஹெட்

நேற்று காலை உன் கார் கிள்ளானில் இருக்கும் என் பட்டறைக்கு இழுத்துவரப்பட்டது. பானட்டைத் திறந்ததும் கூலண்ட் கருகிய அந்த இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. தண்ணீர் பம்பு கசிந்து எஞ்சின் சூடேறி கேஸ்கெட் போயிருந்தது. உன் மனைவி மாலா பக்கத்தில் நின்றாள். நீ இல்லாத வீட்டில் இந்த வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை என்றாள்.

எஞ்சினை மேலே மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் துடைத்தேன். காற்று நுழையும் துளைக்குள் விரலை விட்டதும் நின்றுவிட்டேன். வார்ப்பிலேயே இருந்த ஒரு குழியை வெல்டு வைத்து நிரப்பி, நான் தேய்த்து வழவழப்பாக்கிய இடம் அது. அன்று விளக்குப் பிடித்தவன் நீதான். நாம் இருவரும் சேர்ந்து பட்டறை நடத்திய காலம். கம்பெனி ஹெட்டைக் கழற்றி, துளைகளை அகலப்படுத்தி, வால்வு சீட்டைப் புதிதாக வெட்டிப் பூட்டினால் போதும் என்பேன் நான். நீ சிரிப்பாய்.

"பழச எவ்ளோ தேச்சாலும் பழசுதான்லா. புதுசு வாங்கி மாட்டு, வேல முடிஞ்சிச்சி."

பிறகு நீ பிரிந்துபோய் பிரிக்பீல்ட்ஸில் வெளிநாட்டு ஹெட் விற்கும் கடை போட்டாய். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அங்கே வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில், நம் வாடிக்கையாளர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த மேசையில், உன் காருக்கு நான் செய்து கொடுத்த ஹெட் டெங்கிலுக்குப் போகும் வழியில் விரிசல் விட்டு எஞ்சினே போய்விட்டது என்றாய். போனில் விரிசல் விட்ட ஏதோ ஒரு ஹெட்டின் படமும் காட்டினாய். அந்த ஹெட்டைக் கொண்டுவா, பார்க்கிறேன் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றாய். என் கையை நம்பி ரேஸ் வண்டியைக் கொடுத்த சேகர் அன்றைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக உன் கடைக்குப் போனார்கள். நான் லோரிகளுக்கு பிரேக் மாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினேன். உன் சாவுக்கு வந்தேன். வாய்க்கரிசி போடாமல் திரும்பினேன்.

அந்த ஹெட்தான் நேற்று என் மேசைமேல் இருந்தது.

இதை எப்போதாவது மாற்றினாரா என்று மாலாவிடம் கேட்டேன்.

"மாத்தவே விடமாட்டாருண்ணே. இந்த மாதிரி ஹெட்டு எங்கயும் கெடைக்காது, எவனும் தொடக்கூடாதுன்னு சொல்வாரு."

என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறாய்.

சேகருக்குப் போன் செய்தேன். தயங்கித்தான் வந்தான். அவன் கண்ணெதிரே ஹெட்டின்மேல் சிவப்புச் சாயம் அடித்தேன். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிக் கோடாகத் தெரியும். துடைத்து, வெள்ளை மருந்து அடித்துக் காத்திருந்தோம். ஒரு கோடும் வரவில்லை. இது எந்த ஹெட் என்று அப்போதுதான் சொன்னேன். வெல்டு வைத்த இடத்தை அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

"நம்மள நல்லா ஏமாத்திட்டான்லா," என்றான்.

உன் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. அவள் கேட்கக் கேட்க, மேசையில் நீ பேசியதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. கேட்க இப்போது அவர் இல்லையே அண்ணே என்று மட்டும் சொன்னாள். எனக்கு இரக்கம் வந்தது, அவள்மேல். உன்மேல் வரவில்லை.

ஹெட்டின் முகத்தை மெலிதாகச் சீவி, புது கேஸ்கெட்டும் தண்ணீர் பம்பும் வைத்து, இன்று மாலை வண்டியை ஓட்டிக் காட்டினேன். சேகர் தன் வண்டியை அடுத்த வாரம் கொண்டுவருகிறானாம். மற்றவர்களிடமும் அவனே சொல்லப் போகிறான். அந்தச் சாப்பாட்டுக் கடையில் உன் பெயரைச் சொன்னால் இனி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். மனசு குளிரத்தான் செய்கிறது.

ஆனாலும் ஒன்று பாக்கி. அந்த வெள்ளை மருந்து காயும்போது நீ எதிரில் நின்றிருக்க வேண்டும். உன் முகம் மாறுவதை நான் பார்த்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை காலம் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தேன். அதைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டாய். பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். இதை மறக்க மாட்டேன்.