துளசிக்கு வந்த இரண்டு வேலை

செவ்வாய், மே 5

காலையிலிருந்து மழை. வேலைக்குப் போகையில் காலில் போட்ட சப்பாத்து நனைந்தது. கந்தோரில் ஏழு அலுவலக அறையும் துடைத்து முடிய ஒன்பது மணி.

பின்னேரம் மகள் துளசி வந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். பிறகு மெல்ல விசயத்தைச் சொன்னாள். கூடைப்பந்துப் பயிற்சியாளராக இரண்டு இடத்தில் கேட்கிறார்களாம். ஒன்று, இப்போது அவள் பழக்கும் பல்கலைக்கழகப் பெண்கள் அணி. இங்கேயே, ஹம்பேர்க்கில். நிரந்தரமாக்குகிறார்களாம். மற்றது தெற்கே, தூரத்தில். விளையாட்டையே தொழிலாகச் செய்யும் பெண்களின் கழகம். அடுத்த செவ்வாய்க்குள் பதில்.

"எதை எடுக்கப்போறாய்?"

"இங்கதான் அம்மா."

யோசிக்காமல் சொன்னாள். எனக்குச் சந்தோசம். அவளின் அப்பா நவம்பரில் காலமானபின் இந்த வீட்டில் கதைக்க எனக்கு அவள்தான்.

வியாழன், மே 7

வாங்க: முட்டை, வெங்காயம், உடுப்புத் தோய்க்கிற பவுடர்.

படியில் மேல்வீட்டுக் கமலாக்கா பிடித்துக்கொண்டா.

"பிள்ளைக்கு முப்பதாகுது. இன்னும் பந்துக்குப் பின்னால ஓடித் திரியிறாள், என்ன?"

"அவள் ஓடுறதில்லை அக்கா. ஓடவைக்கிறவள்."

அக்கா படியேறிப் போய்விட்டா. அவர் இருந்திருந்தால் விழுந்து சிரித்திருப்பார்.

சனி, மே 9

முதல்தரம் ஆட்டம் பார்க்கப் போனேன். இத்தனை வருசமும் அவர்தான் போவார். நான் சமைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

விதி ஒன்றும் விளங்கவில்லை. ஆறடிப் பிள்ளைகள் என் ஐந்தடி மகளைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். அவள் சின்னப் பலகையில் கோடு கீறுகிறாள். ஒருத்திகூடக் கண் இமைக்கவில்லை. ஒரு புள்ளியால் தோல்வி. ஒரு பிள்ளை அழுதது. துளசி காதில் ஏதோ சொன்னாள், அழுகையோடேயே சிரித்தது. பலகையோடு நிற்பவள் என்ர மகள் என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

புள்ளி எழுதும் ஜேர்மன் கிழவர் வந்து கைகொடுத்தார். "உங்கள் கணவர் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டுவார்" என்றார். பிறகு, "துளசிக்கு அந்தக் கழகத்துக்குப் போக எவ்வளவு ஆசை. துக்க வருடத்தில் புதிதாக ஒன்றும் தொடங்கக்கூடாதாமே, உங்கள் வழக்கத்தில்?"

எஸ்-பான் ரயிலில் வீடு வரும்வரை யோசனை. அப்படி யார் சொன்னது? நான்தான். தைப்பொங்கலன்று, பொங்காமல் இருந்த வீட்டில். கமலாக்கா மாப்பிள்ளைக் கதை எடுக்க, அவவின் வாயை மூடச் சொன்னது: "ஆண்டுத்திவசம் முடியுமட்டும் நல்ல காரியம் ஒண்டும் தொடங்கேலாது அக்கா." துளசி பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு, மே 10

துளசியிடம் கேட்டேன், அதற்காகவா இங்கேயே நிற்கிறாய் என்று.

"நீங்கதானே அம்மா சொன்னனீங்கள்?"

"அது கலியாணத்துக்கடி. கமலாக்காவுக்குச் சொன்ன சாட்டு."

"அப்ப வேலை நல்ல காரியம் இல்லையோ?"

இங்கே பிறந்த பிள்ளை. எங்கள் வழக்கத்தை எங்களைவிட இறுக்கிப் பிடிக்கிறது.

"உனக்கு எது வேணும்? அதைச் சொல்லு."

என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"இங்க தோத்தாலும் நான் இருப்பன். பிள்ளையள் படிப்பு, சோதனை எண்டு வராட்டிலும் விட்டுக்குடுப்பன். அங்க தோத்தா என்னை அனுப்பிப்போடுவினம். ஆனா நான் எவ்வளவு கெட்டிக்காரி எண்டு அங்கதான் எனக்குத் தெரியவரும்."

"பிறகென்ன?"

"நீங்க தனிய."

அவளின் கையைப் பிடித்தேன்.

"ஓம், தனியத்தான். அது என்ர பாடு. நீ போ."

"அப்பான்ர திவசத்தண்டு ஆட்டம் வந்தா?"

"ஆட்டத்தில நில்லு. அப்பாவும் அங்கதான் நிப்பார்."

அப்போதுதான் அழுதாள். நானும்.

செவ்வாய், மே 12

வெயில். யன்னல் எல்லாம் திறந்து விட்டேன்.

நான் குசினியில் வெங்காயம் வெட்ட, அவள் அடுத்த அறையில் போனில். ஜேர்மன் மொழியில், நிமிர்ந்து நின்று, ஒரு சொல் தடுக்காமல். மூன்று தரம் ஓம் என்றாள். பிறகு வாசலில் வந்து நின்றாள்.

"ஓகஸ்டில வரச்சொல்லினம்."

"ட்ரெயினில எவ்வளவு நேரம்?"

"ஆறு மணித்தியாலம்." குரல் இறங்கிப்போய்.

சண்டையில் ஊரை விட்டு, நான் இந்த நாட்டுக்கு வந்துசேர எட்டு மாதம் எடுத்தது.

"அவ்வளவுதானே" என்றேன்.